மாரெனின் இடது விலா

நான் ஓய்வு பெற்ற அன்று தையல் அறையில் கோப்பியும் கேக்கும் வைத்தார்கள். புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு பெண், கேக்குத் தட்டைக் கையில் பிடித்தபடி, நடந்துகொண்டிருந்த ஓபரா ஒன்றை நான் நிறுத்தியது உண்மையா என்று கேட்டாள். உண்மைதான் என்றேன். அதற்குள் யாரோ பேச எழுந்துவிட்டார்கள். அவளுக்கு நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறேன். காலையில் யன்னலுக்கு வெளியே பனிமூட்டம் நிற்கும்போது அந்தப் பிற்பகல் தானாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது. எழுதிவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது.

என் வேலைக்கு டேனிஷில் போக்லேடர் என்று பெயர். உடுத்திவிடுபவள். டென்மார்க்கின் ஜூட்லாந்துப் பகுதி முழுக்க ஊர் ஊராகப் போகும் ஓபராக் குழு ஒன்றில் பாடகிகளுக்கு உடை தைத்து, மேடைக்குப் போகுமுன் உடுத்தி, வந்ததும் கழற்றி, கிழிந்ததைத் தைத்து, வியர்வையைக் காயவைத்து, அடுத்த ஊருக்குப் பெட்டியில் அடுக்குவேன். மன்னாரிலிருந்து வந்து அங்கே இக்காஸ்ட் என்ற ஊரில் குடியேறிய எங்கள் ஆட்களில் பலரைப் போல நானும் துணித் தொழிற்சாலையில்தான் தொடங்கினேன். பதினொரு வருடம் பின்னல் சட்டைகளுக்குக் கழுத்துப் பட்டி தைத்தேன். பிறகு தொழிற்சாலை போலந்துக்குப் போனது. மெஷின்களைக் கொண்டுபோனார்கள், எங்களைக் கொண்டுபோகவில்லை. வேலை தேடித் தரும் கந்தோரில் ஆறு மாதப் பயிற்சி என்று சொல்லி இந்தக் குழுவின் தையல் அறைக்கு அனுப்பினார்கள். ஓபரா என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவைப் போல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். ஆறு மாதம் இருபத்தொரு வருடம் ஆகிவிட்டது.

தையல் அறைக்குப் பொறுப்பாக இருந்தவ கிர்ஸ்டன். உயரமானவ, நரைத்த முடியைப் பென்சில் ஒன்றால் குத்தி வைத்திருப்பா. எதைக் கேட்டாலும் முதலில் ‘நோ’ என்பா. முதல் மூன்று மாதமும் எல்லாவற்றுக்கும் மறுக்கிறா என்றே நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். டேனிஷில் அது வெறும் ‘அப்படியா’ என்று பிறகுதான் விளங்கியது. குறுகிய நோ என்றால் சரி. நீண்ட நோ என்றால் யோசிக்கிறா. மூக்கால் வரும் நோ என்றால் தையலைப் பிரிக்க வேண்டும். சத்தம் போட்டு அவ கதைத்ததை நான் கேட்டதில்லை.

அவ எனக்குச் சொன்ன முதல் விதி, உடுத்தும் அறைக்குள் கண்டதை வெளியில் கதைக்கக்கூடாது என்பது. பாடகிகள் அங்கே அழுவார்கள், வாந்தி எடுப்பார்கள், புருஷனோடு தொலைபேசியில் சண்டை பிடிப்பார்கள். நாங்கள் சுவர் மாதிரி நிற்க வேண்டும்.

இரண்டாவது விதி அளவு பற்றியது. சாதாரண ஆட்களுக்கு நெஞ்சை ஒருமுறை அளந்தால் போதும். பாடகிக்கு இரண்டு முறை அளக்க வேண்டும். மூச்சை முழுவதும் வெளியே விட்ட பிறகு ஒரு முறை, நிறைய உள்ளே எடுத்த பிறகு ஒரு முறை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் அவர்கள் பாட்டு இருக்கிறது. உடை அந்த இடைவெளிக்கும் சேர்த்துத் தைக்கப்பட வேண்டும். பழங்கால உடைகளுக்குள் கோர்செட் வரும், முதுகில் நாடா கோத்து இறுக்கும் கச்சை. பாடகி இரண்டு கையையும் சுவரில் ஊன்றித் தணிந்த சுரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பா. மேலிருந்து இடுப்புக்கும், கீழிருந்து இடுப்புக்கும் இழுத்து வந்து அந்தச் சுரம் முடியும் இடத்தில் முடிச்சுப் போட வேண்டும். பிறகு அவ மூச்சை நிறைப்பா. அப்போது முதுகுக்கும் நாடாவுக்கும் நடுவே என் ஒரு விரல் போக வேண்டும்.

மேடை ஓரத்துக் கறுப்புத் திரைகளுக்குப் பின்னால் நிற்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்தது. அங்கே சின்ன நீல விளக்கு ஒன்று எரியும். அடுத்த உடையை இரண்டு கையிலும் ஏந்தியபடி நிற்பேன். மேடையில் நடப்பது அங்கிருந்து தெரியாது. வெளிச்சத்தில் மிதக்கும் தூசி தெரியும், ஒருவரின் சப்பாத்து தெரியும். பாட்டு மட்டும் எங்கும் நிறைந்திருக்கும். நல்ல குரல் வந்தால் கையில் இருக்கும் பட்டு மெல்ல நடுங்கும். முதல் தடவை என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தேன்.

மாரென் மேற்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வந்தவள். தகப்பனுக்குப் படகு இருந்தது. இருபத்தாறு வயதில், கூட்டமாகச் சேர்ந்து பாடும் கோரஸில் சேர்ந்தாள். அகன்ற தோள், சிவந்த கை, நடக்கும்போது கதவு நிலைகளில் இடித்துக்கொள்வாள். முதல் நாள் அவளை அளந்தபோது இரண்டு அளவுக்கும் ஒன்பது சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தது. நான் பிழையாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்துக் கிர்ஸ்டன் தானே ஒருமுறை அளந்தா. பிறகு நீண்ட நோ ஒன்று வந்தது. அளவுப் புத்தகத்தில் அந்த ஒன்பதை எழுதி அடியில் கோடு கீறினா.

இரண்டு வருடம் கோரஸ். பிறகு தட்டு ஏந்தி வரும் வேலைக்காரியாக மூன்று வரி. ஒருநாள் ஒத்திகையில் முக்கியமான பாடகி வரவில்லை. அந்த இடத்தைச் சும்மா நிரப்புவதற்கு மாரெனை நிற்கச் சொன்னார்கள். நான் அவள் காலடியில் முழங்காலில் இருந்து பாவாடை ஓரத்துக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன், வாய் நிறைய ஊசி. அவள் பாடத் தொடங்கினாள். குரல் காதுக்கு வருமுன் பலகைத் தரை வழியாக என் முழங்காலுக்கு வந்தது. நான் அசையாமல் இருந்தேன். பாட்டு முடிந்தபோது அந்த ஓரத்தில் பாதிக்கு ஊசி குத்தியிருக்கவில்லை. அடுத்த நிகழ்ச்சிப் பருவத்தில் கதாநாயகி பாத்திரம் அவளுக்கு வந்தது. புருஷன் இறந்த பிறகு தன் மாளிகையை விட்டுப் போகும் ஒரு சீமாட்டி. மூன்று அங்கம், நான்கு உடை. அவளை உடுத்திவிடும் பொறுப்பு எனக்கு.

அந்தச் சுற்றில் ஐந்தாவது ஊர் ஓல்போர்க். பெப்ரவரி மாதம், ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. ஜெர்மனியில் ஒரு பெரிய ஓபரா மண்டபத்திலிருந்து அவளைக் கேட்பதற்கென்றே ஒருவர் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருக்குப் பிடித்தால் அவளுடைய வாழ்க்கை வேறு திசைக்குப் போகும்.

சுற்றுப்பயணத்தில் உடம்பு மாறும் என்பதால் மாதம் ஒருமுறை மறுபடி அளப்பது கிர்ஸ்டனின் வழக்கம். வெள்ளிக்கிழமை மாரெனை அளந்தேன். மூச்சை விட்டபோது வந்த அளவு பழையதுதான். மூச்சை எடுத்தபோது அளவு நாடா நான்கு சென்ரிமீற்றர் கூடியதோடு நின்றுவிட்டது. இன்னொரு முறை எடுக்கச் சொன்னேன். அதே நான்கு. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு வந்தாள்.

புதன்கிழமை சைக்கிளில் போகும்போது உறைபனியில் சறுக்கி நடைபாதை விளிம்பில் விழுந்திருக்கிறாள். டொக்டரிடம் போகவில்லை. போனால் பாட வேண்டாம் என்பார் என்ற பயம். வலிக்குக் குளிசை போட்டுக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்டு, இடப்பக்கம் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“கிர்ஸ்டனிட்டச் சொல்லாதேங்கோ” என்றாள். “ஞாயிற்றுக்கிழமை மட்டும். திங்கள் நானே டொக்டரிட்டப் போறன்.” டேனிஷில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். அந்த மொழியில் நீ, நீங்கள் என்று பிரிக்காமல் எல்லோரும் எல்லோரையும் ஒரே மாதிரித்தான் அழைப்பார்கள். என் காதில் அவள் பேச்சு எப்போதும் இப்படி மரியாதையாகத்தான் விழுந்தது.

இறுக்கிக் கட்டினால் நோவு குறைகிறது என்றும் சொன்னாள். அது உண்மையாகவும் இருக்கலாம். நான் அளவுப் புத்தகத்தைத் திறந்து ஒன்பது என்று எழுதினேன். இருபத்தொரு வருடத்தில் அந்தப் புத்தகத்தில் நான் எழுதிய ஒரே பொய் அது.

சனிக்கிழமை வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர், விழுந்தவர்களைத் தூக்கித் தூக்கி விலா எலும்பு பற்றி ஓரளவு அறிந்தவர். வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். மாரென் தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கும் வயதுப் பிள்ளை என்றுதான் அவரும் முதலில் சொன்னார். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமலே, “ஆனா அந்தக் கயித்தை இழுத்துக் கட்டுறது உம்மட கையெல்லோ” என்றார்.

ஞாயிறு காலை பஸ் வடக்கே போனது. வயல்களில் பனி, வானமும் அதே நிறம். எங்கே நிலம் முடிகிறது என்று தெரியவில்லை. லிம்ஃபியோர்ட் கடற்கழியின் கரைக்கு வந்தபோது தண்ணீரின் மேல் வெண்புகை நின்றது. அக்கரைக்குப் போகும் பாலம் எதன்மேலும் நில்லாமல் மிதப்பதுபோல் இருந்தது. மாரென் யன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், ஒரு பக்கத் தோள் கொஞ்சம் உயர்ந்தபடி.

முதல் அங்கத்துக்குக் கட்டும்போது இடப்பக்கம் இன்னும் இறுக்கச் சொன்னாள். இறுக்கினேன். என் விரல் உள்ளே போகவில்லை. போகவில்லை என்பதை இரண்டு பேரும் அறிந்திருந்தோம். அவள் மேடைக்குப் போனாள். நான் நீல விளக்கடியில் நின்று கேட்டேன். குரல் வந்தது. அழகாகத்தான் வந்தது. ஆனால் தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது, மூடுபனிக்கு அப்பால் யாரோ பாடுவதுபோல். சபையினர் அதைச் சோகம் என்று எடுத்திருப்பார்கள். நிறையக் கைதட்டினார்கள்.

இரண்டாம் அங்கத்தில் ஒரு விரைவு மாற்றம் இருக்கிறது. பயண உடையைக் கழற்றி, கோர்செட்டைத் தளர்த்தி, கறுப்பு உடைக்கு ஏற்றபடி மறுபடி கட்டி அனுப்ப வேண்டும். வாத்தியக்காரர்கள் வாசித்து முடிப்பதற்குள் முடிக்க வேண்டிய வேலை. அவள் திரைக்குள் வந்தாள், முதுகைத் திருப்பினாள், கையைத் தூணில் ஊன்றினாள். நாடாவைத் தளர்த்திவிட்டு இரண்டு உள்ளங்கையையும் அவள் முதுகில் வைத்தேன். வலப்பக்கம் என் கைக்குள் எழும்பியது. இடப்பக்கம் எழும்பவில்லை. இன்னொரு மூச்சுக்குக் காத்திருந்தேன். வலக்கை உயர்ந்தது. இடக்கைக்குக் கீழே ஒன்றும் நடக்கவில்லை.

அவள் உதடு நீலமாக இருந்தது. அந்த விளக்கின் கீழ் எல்லோருடைய உதடும் நீலம்தான். நான் திரையை ஒரு கை அகலம் விலக்கினேன். மேடை வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. உதடு அப்போதும் நீலமாகவே இருந்தது. நகங்களும்.

“கட்டுங்கோ” என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே ஒரு மூச்சுத் தேவைப்பட்டது.

“இல்லை, பிள்ளை” என்றேன். பிள்ளை என்பதை மட்டும் தமிழில் சொன்னேன் போலிருக்கிறது.

அவள் தன் கையைப் பின்னால் கொண்டுவந்து நாடாவைப் பிடிக்கப் பார்த்தாள். நான் இரண்டு நுனியையும் உருவி எடுத்துக்கொண்டேன். அவளைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார வைத்துவிட்டு, காதில் கருவி மாட்டியபடி நிற்கும் மேடை மேலாளரிடம் நடந்தேன். பத்து அடி தூரம்தான். ஆழமான தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருந்தது. மாரெனுக்கு ஒரு பக்கத்தால் மூச்சு வரவில்லை, பாட முடியாது என்று அவரிடம் சொன்னேன். உடுத்திவிடுகிற ஒருத்தி அவரிடம் வந்து அப்படிச் சொன்னது அவர் அனுபவத்தில் இருந்திருக்காது. பக்கத்தில் நின்ற கிர்ஸ்டனைப் பார்த்தார். கிர்ஸ்டன் என்னைப் பார்த்தா.

“நிச்சயமோ?” என்று கேட்டா.

“வெள்ளிக்கிழமை நாலுதான் இருந்தது” என்றேன். “நான் ஒன்பது எண்டு எழுதினனான்.”

அவ கண்ணை ஒருமுறை மூடித் திறந்தா. பிறகு மேலாளரிடம், திரையைப் போடச் சொன்னா.

அவர் ஆணை கீழே இசைக்குழுவுக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்குள் அவர்கள் அவள் நுழைய வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டார்கள். அவள் இல்லாமலே பாட்டின் துணை இசை நடந்தது. அவள் குரல் வர வேண்டிய இடங்கள் எல்லாம் வெறுமையாக, ஆள் இல்லாத வீட்டில் யன்னல் சீலைகள் அசைவதுபோல் அது போய்க்கொண்டிருந்தது. நான் கேட்ட எல்லா இசையிலும் இன்றுவரை என் நித்திரைக்குள் வருவது அதுதான். பிறகு திரை விழுந்தது.

அம்புலன்ஸ்காரர் தூக்குப் படுக்கையில் வைத்தபோது அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “அது என்ர” என்றாள். ஒரு மூச்சு எடுத்தாள். “நீங்கள் பறிச்சுப்போட்டீங்கள்.”

மாற்றுப் பாடகி மிச்சத்தைப் பாடினா. அவ கட்டையானவ, பாவாடை தரையில் இழுபட்டது. நான் ஊசி குத்திக் கொடுத்தேன். ஜெர்மனியிலிருந்து வந்தவர் மூன்றாம் அங்கத்துக்கு இருக்கவில்லை.

உடைந்த விலா நுரையீரலைக் குத்தி, காற்றுக் கசிந்து ஒரு பக்கம் சுருங்கியிருந்ததாம். ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துக் காற்றை எடுத்தார்கள். அங்கத்தை முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கிர்ஸ்டன் டொக்டரிடம் கேட்டிருக்கிறா. தாங்கியிருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம் என்று அவர் சொன்னாராம். அவர் ஏதாவது ஒரு பக்கம் சொல்லியிருக்கலாம் என்று நான் எத்தனையோ நாள் நினைத்ததுண்டு.

திங்கட்கிழமை என்னை வேலையால் நிறுத்துவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். கிர்ஸ்டன் அளவுப் புத்தகத்தைத் திறந்து பேனையோடு என் முன் வைத்தா. ஒன்பதை வெட்டி நான்கு என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னா. வைத்தேன். அவ என் எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா. அவ ஒரே தடவையில் எனக்குச் சொன்னவற்றில் மிக நீளமானது இதுதான்.

“அறைக்குள்ள பாத்ததை வெளியில கதைக்கக்கூடாது எண்டு உமக்குச் சொன்னது நான். அது அவையின்ர அழுகைக்குச் சொன்னது. மூச்சுக்கு இல்லை. அதை உமக்குச் சொல்லாமல் விட்டது என்ர பிழை.”

மாரெனின் கம்பளிச் சட்டையும் சாமான்களும் உடுத்தும் அறையில் கிடந்தன. அவற்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மாரென் யன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். திரும்பவில்லை. பையைத் தாதியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஏப்ரலில் குணமாகி வந்து மிச்சமிருந்த சில நிகழ்ச்சிகளைப் பாடினாள். அவளை வேறொருத்தி உடுத்தினாள். பருவம் முடிந்ததும் குழுவை விட்டுப் போய்விட்டாள்.

அதன்பின் அவளைப் பற்றி வந்ததெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டதுதான். வட ஜெர்மனியில் சின்ன ஊர் அரங்கு ஒன்றில் பாடுகிறாள் என்றார்கள். ஒரு வருடம் கழித்து அதைவிடப் பெரிய ஊர். பிறகு வியன்னாவில் யாருக்கோ சுகமில்லாமல் போய் இவளை அழைத்தார்கள் என்றும், அந்த இரவுக்குப் பிறகு ஓய்வில்லை என்றும் கேள்விப்பட்டோம். ஒருமுறை ரேடியோவில் வந்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன். சுரத்தைப் பிடித்து நிறுத்தும் இடங்களில் என் கை தானாகவே என் விலாவில் போய் இருந்தது. எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். எனக்கும் கொஞ்சம் இருந்தது. அந்த ஜெர்மன்காரர் கேட்டிருந்தால் நாலு வருடம் முன்னமே அவள் அங்கே போயிருப்பாளே என்ற எண்ணமும் கூடவே இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தன.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின பருவத்தில் அவள் எங்கள் குழுவுக்கு விருந்தினராகப் பாட வந்தாள். கிர்ஸ்டன் அதற்கு முன்னரே ஓய்வு பெற்றுவிட்டா. புதுப் பொறுப்பாளர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு அவளுடைய ஒப்பந்தத்தைக் காட்டினார். பெரிய பாடகிகள் தங்களுக்கு வேண்டியதை அதில் எழுதுவார்கள். அறையில் ஈரப்பதன் எவ்வளவு, வாசமுள்ள பூக்கள் வேண்டாம், இப்படி. கடைசிப் பக்கத்தில் என் பெயரோடு ஒரு வரி இருந்தது. உடுத்திவிடுபவர் ஜெசிந்தா, நிகழ்ச்சியை நிறுத்த வேண்டும் என்று அவர் சொன்னால் நிறுத்த வேண்டும்.

இதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டார். எழுதியிருப்பதுதான் அர்த்தம் என்றேன்.

முதல் நாள் ஒத்திகைக்கு வந்தபோது அவள் தோளில் இன்னும் கதவு நிலை இடித்தது. தலைமுடியை வெட்டியிருந்தாள். கதவைச் சாத்தினேன். நான்தான் முதலில் கதைத்தேன். இன்று நடந்தாலும் அதையேதான் செய்வேன் என்று சொன்னேன்.

“தெரியும்” என்றாள். “அதுக்காகத்தான் எழுதினனான்.” பிறகு முதுகைத் திருப்பிக் கைகளைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். “ரெண்டு வருசம் கோபம். அதுக்குப் பிறகு வெக்கம். வெக்கம் போகத்தான் கனகாலம் எடுத்தது.”

ஜூன் மாதம். முதல் நிகழ்ச்சியில் முழுக்கப் பாடினாள். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். எந்த உடை மாற்றத்திலும் எதுவும் நடக்கவில்லை. அவள் வந்தாள், கட்டினேன், போனாள். கடைசியில் சபை எழுந்து நின்று தட்டிய சத்தம் மழை போல் கேட்டது, அது வெகுநேரம் ஓயவில்லை.

உடுத்தும் அறையில் உடையைக் கழற்றி, நாடாவை உருவி, பொய்முடியை எடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிவிட்டிருந்தாள். பாதி முகத்தில் இன்னும் பூச்சு. யன்னலில் கோடைக்கால வெளிச்சம் மங்காமல் நின்றது. யாரோ கதவைத் தட்டினார்கள். மெல்லத் திறந்து வெளியே வந்து பின்னால் சாத்திக்கொண்டேன். நெறியாளர், பூங்கொத்தோடு இரண்டு பேர், நகரசபையிலிருந்து ஒருவர், படம் பிடிப்பவர் என்று நடைபாதை நிறைய ஆட்கள். மாரென் வருகிறாளா என்று கேட்டார்கள்.

பத்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்றேன். நெறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நகரசபைக்காரரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் பூக்களோடு காத்திருந்தார்கள்.